பதிவான புண்

என் மாமனாரின் இடது காலில் இருந்த புண் ஆராய்ச்சிக்குத் தகுதியானது அல்ல என்று முதலில் சொல்லிவிட்டார்கள். புண் சிறியது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் இயக்குநர் டாக்டர் ஜெயபாண்டி. "புண்ணு நல்ல புண்ணுதான். நான் குறை சொல்லலை. ஆனா ஆராய்ச்சின்னா அதுக்குன்னு ஒரு தரம் இருக்கு. இன்னும் கொஞ்சம் பெருசானதும் கூட்டிட்டு வாங்க."

"அதுக்குள்ள தானா ஆறிட்டா சார்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. "அப்படி ஒண்ணு நடந்துட்டா எங்களால எதுவும் செய்ய முடியாது," என்றார்.

சர்க்கரைப் பாதப்புண் ஆராய்ச்சி நிலையம் விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. அது முன்பு கல்யாண மண்டபம். எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் இயக்குநரின் மேசை இருந்தது. பந்தி நடந்த கூடத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மணமகள் அறையில் களிம்புகளை வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

மாமாவின் பெயர் சோலைமலை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. ஆலைக்குள் செருப்புப் போடக் கூடாது; அடியில் கல் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். அப்படிப் போய் வந்ததில் எங்கோ எதிலோ மிதித்து வந்த புண் அது. எப்போது மிதித்தார் என்று அவருக்கே தெரியாது.

அவருடைய ஒரே மகள் ஓவியா என் மனைவி. அதே ஆலையில்தான் அவளும் சீசனுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு தீபாவளிக்கு முன்பு அங்கே ஓர் அறை வெடித்தது. இப்போது வீட்டில் மாமாவும் நானும் மட்டும். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணினியில் பட்டாசுப் பெட்டி லேபிள் வடிவமைக்கிறேன். அவர் சோறு வடிப்பார். நான் குழம்பு வைப்பேன். பேச்சு குறைவு.

ஆலை போர்மேன் ராக்கப்பன் காலைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே எச்சரித்திருந்தான்.

"அண்ணாச்சி, இதச் சீக்கிரம் சரி பண்ணிக்கிடுங்க. கால் போச்சுன்னா நான் வேலைக்கு வைக்க முடியாது. வெடிச்சா ஓடணும்லா? ஓட முடியாத ஆளை எப்படி உள்ள விட?"

ஓவியாவுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

வேறு வேலை மாமாவுக்குத் தெரியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மகள் போட்டோவுக்கு நேரே உட்கார வேண்டியிருந்தது. அதனால் கால் வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

புண் வளர்ந்தது. வளர்க்க நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் வேலைக்குப் போனார், அவ்வளவுதான். மறுபடி கூட்டிக்கொண்டு போனபோது ஒருங்கிணைப்பாளர் பானுப்பிரியா அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், தகுதி வந்துருச்சு," என்று மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சாத்தூர்க்காரப் பெண். நல்ல பெண். இயக்குநர் எழுந்து வந்து மாமாவுக்குக் கை கொடுத்தார்.

சம்மதம் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. மேடையில் நாற்காலி போட்டு மாமாவை உட்கார வைத்தார்கள். என் கல்யாணத்தன்றும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அன்றும் வீடியோ எடுத்தார்கள். அன்றும் அவரைக் கொஞ்சம் சிரித்த மாதிரி இருக்கச் சொன்னார்கள்.

இயக்குநர் விளக்கினார். "ரெண்டு விதமான களிம்பு இருக்கு. ஒண்ணுல மருந்து உண்டு. இன்னொண்ணுல மருந்து கிடையாது, வெறும் களிம்பு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு எது வரும்னு உங்களுக்குத் தெரியாது."

தன் முறைக்காகக் காத்திருந்த மூக்கம்மாள் கீழேயிருந்து கேட்டாள். அவள் மாமாவோடு ஆலையில் திரி வெட்டுகிறவள். வலது குதிகாலில் புண். "ஒங்களுக்குத் தெரியும்லா சார்?"

"எனக்கும் தெரியாதும்மா."

"இந்தப் பிள்ளைக்கு?"

"பானுப்பிரியாவுக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்துல யாருக்கும் எதுவும் தெரியாது. எங்க ஆராய்ச்சியோட பலமே அதுதான்," என்றார் இயக்குநர். குரலில் பெருமை இருந்தது.

மூக்கம்மாள் மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள். "நம்ம கம்பெனி மாதிரித்தான் போல."

மாமா கேமராவைப் பார்த்து, எல்லாம் புரிந்தது என்று சொன்னார்.

களிம்போடு ஒரு ஜோடி செருப்பும் கொடுத்தார்கள். அடித்தட்டு தடித்த பஞ்சு, மேலே நீல நிறப் பட்டை. புண்ணின் மேல் பாரம் விழாமல் காக்கும் செருப்பு. "கால் தரையில படுறப்பல்லாம் இது போட்டிருக்கணும். களிம்பு பாதி, இது பாதி," என்றாள் பானுப்பிரியா. செருப்பு இல்லாமல் வேலை பார்க்கக் கூடாது என்றது நிலையம். செருப்போடு வேலை பார்க்கக் கூடாது என்றது ஆலை. மாமா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். வீட்டிலிருந்து ஆலை வாசல் வரை செருப்போடு நடந்தார். வாசலில் கழற்றித் துடைத்துப் பையில் போட்டு மாட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"ஆலைக்குள்ள என்ன நடக்குதுங்கிறது எங்க ஆய்வு எல்லைக்குள்ள வராது," என்றார். "எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். செருப்பு கொடுத்தோமா இல்லையா? கொடுத்தோம்."

வாரா வாரம் புண்ணைப் படம் எடுத்தார்கள். படத்தைக் கணினி பார்த்து மதிப்பெண் போடும். பட்டாசு வேலை பார்ப்பவர்கள் உடம்பில் அலுமினியப் பொடி எப்போதும் ஒட்டியிருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. மாமாவின் புண்ணுக்குள்ளும் அது போயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் புண் வெள்ளி போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைக் கணினி புண் ஆறுவதற்கான நல்ல ஈரப்பதம் என்று எடுத்துக்கொண்டது. ஆலைக்குப் போகிறவர்களுக்கு மதிப்பெண் ஏறியது. வீட்டில் செருப்போடு இருந்தவர்களுக்கு இறங்கியது. வீட்டில் இருந்த ஒருவரை இயக்குநர் கூப்பிட்டுக் கண்டித்ததை நான் பார்த்தேன். "சோலைமலையைப் பாருங்க. ஒத்துழைப்புன்னா அது," என்றார்.

"என் காலைப் பாத்தா உமக்கே கண்ணு கூசும்," என்றாள் மூக்கம்மாள் அந்த ஆளிடம். "தீவாளிக்கு இத வச்சே வெளிச்சம் போடலாம்."

சென்னைத் தலைமையிடத்திலிருந்து சரிபார்க்க ஆள் வருகிறது என்று ஒரு நாள் எல்லோரையும் காலையிலேயே வரச் சொன்னார்கள். கூடம் நிறைய நோயாளிகள். அநேகம் பேர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்காரர்கள். பாதத்தைப் பார்வையிட வசதியாக எல்லோரையும் நீலச் செருப்பைக் கழற்றி முன்வாசலில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். அது அவர்களுக்குப் பழக்கமான காரியம். நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் பக்கவாட்டுக் குழாய்க்குப் போனேன். முன்வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

பானுப்பிரியா கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, "செக்கிங் வந்தாச்சு!" என்றாள்.

இந்த வட்டாரத்தில் அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அப்பா மளிகைக்கடைக்காரர். அவளுக்குத் தெரிய வழியில்லை.

ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். சீசனில் பத்துப் பேர் இருப்பார்கள். செக்கிங் ஜீப் தெரிந்ததும் நாலு பேர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பின்வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார்கள். பேச மாட்டார்கள். ஜீப் போனதும் போர்மேன் விசில் அடிப்பான். திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

இரண்டு தீபாவளிக்கு முன்பு வெடித்த அறையிலும் நாலு பேர்தான் இருந்தார்கள் என்று ஆலை சொன்னது. அதிகாரிகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஓவியா அந்த நாலு பேரில் இல்லை. அந்த நேரத்தில் அவள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். அவளை நான்தான் அங்கிருந்து எடுத்து வந்திருந்தேன்.

நான் தண்ணீர் பாட்டிலோடு திரும்பியபோது மண்டபத்தின் பின்கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். யார் இருப்பது யார் போவது என்று ஒருவரும் பேசித் தீர்மானிக்கவில்லை. கதவோரம் இருந்த நாலு பேர் அசையவில்லை, மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மாமா எப்போதுமே எழுந்து போகிறவர்.

மண்டபத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. உள்ளே குனிந்து போனேன். அத்தனை பேரும் வெறுங்காலோடு, கட்டுப் போட்ட காலும் கட்டு அவிழ்ந்த காலுமாகப் புதருக்குப் புதர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, எந்திரிங்க. இது ஆஸ்பத்திரி செக்கிங்," என்றேன்.

"மெதுவாப் பேசுங்க மாப்ள," என்றார் மாமா. "குனிஞ்சு உக்காருங்க. இன்னும் விசில் வரலை."

"இங்க விசில் வராது மாமா."

"அதெப்படி வராமப் போகும்?"

மூக்கம்மாள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "இங்கனயும் ஆளைக் கூடுதலாத்தான் சேத்திருப்பாக. இல்லாட்டி செருப்பும் களிம்பும் சும்மாவா குடுப்பாக? பாவம், அந்த டாக்டர மாட்டிவிட்ராதீக. நல்ல மனுசன்."

நான் உள்ளே போனேன். சென்னையிலிருந்து வந்த தருண்குமார் என்ற இளைஞர் முன்வாசலில் நீலச் செருப்பு வரிசையைப் பார்த்தபடி நின்றிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை. கையில் விலை கூடிய போன்.

"சார், இத்தனை செருப்பு இருக்கு. நாலு பேஷன்ட்தான் இருக்காங்க. மத்தவங்க எங்க?"

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேன். "பின்னாடி காட்டுக்குள்ள இருக்காங்க சார். வெறுங்காலோட போயிட்டாங்க."

தருண்குமார் என்னைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார். "ஆறு மாசம் முன்னாடி இவங்களால கட்டிலை விட்டு இறங்க முடியாது. இன்னைக்கு முள்ளுக் காட்டுக்குள்ள வெறுங்காலோட நடந்து போற அளவுக்கு வந்துட்டாங்க. செருப்பை அவங்களே கழட்டி வச்சுட்டாங்க. நாங்க வற்புறுத்தலை. அறிவியல் எதையும் வற்புறுத்தாது."

தருண்குமார் குனிந்து செருப்பு வரிசையைப் படம் எடுத்தார். கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்தார். "பவர்ஃபுல் சார்," என்றார். காட்டுப் பக்கம் அவர் போகவில்லை. ஷூ புதிது.

ஜீப் போனது. விசில் வரவில்லை. மதியம் வரை அவர்கள் வரவில்லை. கடைசியில் நானே விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடித்தேன். எழுந்து வந்தார்கள்.

வீட்டில் மாமாவின் காலைக் கழுவும்போது, பழைய புண்ணுக்கு விரற்கடை தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பிதுக்கினேன். முள் ஒடிந்து உள்ளே இருந்தது. ஊசியால் நோண்டி எடுத்தேன்.

"வலிக்குதா மாமா?"

"எங்கன நோண்டுதீக?" என்று கேட்டார்.

சில நாளில் அந்த இடம் வீங்கிக் கறுத்தது. வாடை வந்தது. மாமாவுக்குக் காய்ச்சல் அடித்தது. நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். பானுப்பிரியா பார்த்ததும் பயந்துவிட்டாள். இயக்குநர் பயப்படவில்லை.

"முதல்ல பதிவான புண்ணைக் காட்டுங்க," என்றார். காட்டினோம். "இது எப்படி இருக்கு?"

"அப்படியேதான் சார் இருக்கு," என்றாள் பானுப்பிரியா.

"சந்தோஷம். இந்தக் கறுப்பு?"

"அது முள் குத்தினது சார்."

"அப்ப அது புதுப் புண். ஒரு ஆளுக்கு ஒரு புண்ணுதான் பதிவு. புதுப் புண்ணை எடுத்தா முள்ளுக்கும் நாங்க பதில் சொல்லணும். முள்ளு எங்க ஆய்வுல இல்லை." என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவர். புரிஞ்சுக்குவீங்க."

"கறுப்பு மேல ஏறுது சார்," என்றேன்.

"ஏறட்டும். பதிவான புண்ணுல படாமப் பார்த்துக்குங்க."

மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்த டாக்டர், இத்தனை நாள் எங்கே காட்டினீர்கள் என்று கேட்டார். ஆராய்ச்சியில் என்றேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மாமா முதலில் கேட்டது ராக்கப்பனிடம் யாராவது சொல்லிவிட்டார்களா என்பது.

வீடு திரும்பிய பிறகு பானுப்பிரியா போன் செய்தாள். "அண்ணே, மாமா காலுக்கு நான் ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனா கடைசிப் படம் ஒண்ணு பாக்கி இருக்கு. அது இல்லாட்டி அவரோட பதிவு பூராவும் வீணாப் போயிரும்னு சார் சொல்றாரு."

போனோம். மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பானுப்பிரியா அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பச்சை விரிப்பு இருந்தது.

"சார், எதை எடுக்க?"

"பதிவான புண் இருந்த இடத்தை எடு."

அவள் விரிப்பின் மேல் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள்.

"இப்ப சொல்லு. பதிவான புண் இருக்கா?"

"சார், காலே..."

"நான் காலைக் கேக்கலை. காலைப் பத்தி நமக்குக் கேள்வியே இல்லை. புண் இருக்கா?"

"இல்லை சார்."

"கசிவு?"

"இல்லை."

"வலி?"

பானுப்பிரியா மாமாவைப் பார்த்தாள். "அங்கன வலி இல்லம்மா," என்றார் மாமா.

"முழுமையான குணம்," என்றார் இயக்குநர். கணினி அந்தப் பச்சை விரிப்புக்கு அதுவரை யாருக்கும் போடாத மதிப்பெண் போட்டது.

விழா எடுத்தார்கள். போஸ்டர் அடிக்கும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. செருப்பு வரிசைப் படம். மேலே 'இவர்களுக்கு இனி இது தேவையில்லை' என்ற வாசகம். நான்தான் வடிவமைத்தேன். வலது ஓரத்தில் மூன்றாவது ஜோடி மாமாவுடையது. வாசகம் அதன் மேல் விழாதபடி சற்று மேலே ஏற்றினேன். விழாவில் மாமாவுக்குச் சால்வை போர்த்தி, பதிவான புண் முழுமையாகக் குணமடைந்தது என்று பாராட்டுப் பத்திரமும், புதிதாக ஒரு ஜோடி நீலச் செருப்பும் கொடுத்தார்கள். மாமா உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். முன்னால் மேசை மறைத்தது.

மறுநாள் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு, வலது செருப்பை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டார். பத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். நான் கூடப் போனேன். ராக்கப்பன் காலைப் பார்த்தான். பத்திரத்தை வாசித்தான். மறுபடி காலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, குணமாயிருச்சுன்னு போட்டிருக்கு."

"ஆமாய்யா. பெரிய டாக்டர் கையெழுத்து."

"கால் இல்லையே?"

"அது அவுக கேள்வியில வரலையாம்."

ராக்கப்பன் சீல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் குரல் மாறியது.

"ஒரு வகையில நல்லதுதான். செக்கிங் வந்தா இனி நீங்க காட்டுக்கு ஓட முடியாது. நாலு பேர்ல ஒரு ஆளா உள்ளேயே இருந்துக்கிடுங்க. யாராச்சும் கேட்டா இந்தக் காகிதத்தக் காட்டிக்கிடலாம். கம்புக்கு அடியில ரப்பர்தான? இரும்பு இல்லையே?"

"ரப்பர்தான்."

வேலை கிடைத்தது.

சீசன் மும்முரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஜெயபாண்டி எங்கள் வீட்டுக்கே வந்தார். பானுப்பிரியா கேமராவோடு பின்னால் வந்தாள். இயக்குநர் உள்ளே நுழைந்ததும் மாமாவின் மொட்டைக் காலைப் பார்த்து, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அதிர்ந்தார். "ஐயோ, எவ்வளவு பெரிய இழப்பு!" என்றார். கண் கலங்கியது.

யார் யாருக்கு எந்தக் களிம்பு என்பதைச் சென்னையில் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். மாமாவுக்கு வந்தது மருந்து இல்லாதது. மருந்து பூசிய மூக்கம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை.

"வெறும் களிம்பு பூசினவருக்கு முழுமையான குணம்னு பதிவாகியிருக்கு. அப்ப எங்க மருந்துக்கு என்ன மரியாதை?" என்றார். "நாங்களா மாத்தினா தப்பாயிடும். நோயாளி தானா சொல்லணும். ஐயா, கேமராவைப் பார்த்து ஒரே வார்த்தை. எனக்குக் குணமாகலை, கால் போயிருச்சு. அது போதும். உண்மையைத்தானே சொல்லச் சொல்றேன்? அறிவியலுக்கு உண்மைதான் முக்கியம். அந்தப் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க."

மாமா சட்டையைச் சரி செய்துகொண்டார். பானுப்பிரியா பொத்தானை அழுத்தினாள். மாமா கேமராவை நேராகப் பார்த்தார்.

"எனக்கு நல்லாக் குணமாயிருச்சு சார்," என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"அவருக்குப் புண் இல்லை சார்," என்றேன்.

அவர்கள் போன பிறகு மாமா உலை வைத்தார். அரிசி களையும்போது நான் கேட்டேன்.

"கால் போச்சுன்னு சொல்லியிருக்கலாமே மாமா? நாளைக்கு அங்க எதுவும் ஆனா உங்களால ஓடக்கூட முடியாது."

"ஓடுறத விடுங்க மாப்ள," என்றார். போட்டோ இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. "அங்கன எதும் ஆச்சுன்னா, இனி நான் நாலு பேர்ல ஒரு ஆளா உள்ள இருந்தேன்னு ஒத்துக்கிடுவாக."

காலையில் அவரை ஆலை வாசலில் இறக்கிவிட்டேன். ஒற்றை நீலச் செருப்பைக் கழற்றித் துடைத்து மற்றவர்களுடைய செருப்பு வரிசையின் ஓரத்தில் வைத்தார். மூக்கம்மாள் தோளைக் கொடுத்தாள். உள்ளே போனார்கள்.